கடைத்தண்ணி

அந்த அகராதி அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தரை துடைப்பவள் அவள். சுத்தம் பற்றிய சொற்களுக்கு வேலை நடந்த மாதத்தில், பதிப்பாசிரியர் அவளுக்கே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்.

“கூட்டுறதுக்கு ஏம்மா அந்தப் பேரு?”

“குப்பையை ஒரு மூலைக்குக் கூட்டிச் சேக்குறோமே சார், அதான். துலக்குறது அப்படியில்ல. பாத்திரத்துல முகம் தெரியணும். உங்க டீ டம்ளர் இதுவரைக்கும் துலங்கினதே இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதினார். பேச்சுவாக்கில்தான் அவள் வாயிலிருந்து ‘கடைத்தண்ணி’ விழுந்தது. தேய்த்து அலசிய பாத்திரத்தின்மேல் கடைசியாக ஊற்றும் தெளிந்த தண்ணீர். அதற்குப் பிறகு யாரும் உள்ளே கைவிடக் கூடாது.

பேனா நின்றது. “இது எங்கயும் பதிவாகலையேம்மா. இன்னொருத்தர் வாயாலயும் வந்தாத்தான் அச்சுல ஏத்த முடியும். இப்படிச் சொல்றவங்க வேற யாரு?”

இருப்பது அக்கா மட்டும்தான். அம்மாவின் சாவுக்கு இவள் ஒரு நாள் பிந்திப் போனாள் என்று அக்கா பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். எத்தனையோ முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே இவள் வைத்துவிட்டிருக்கிறாள். சொல்லைச் சாக்கிட்டாவது அந்தக் குரலைக் கேட்டுவிடலாம் போலிருந்தது.

“நம்பர் தர்றேன் சார். என் பேரை மட்டும் எடுக்காதீங்க.”

அவர் ஸ்பீக்கரில் போட்டார். அக்காவின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. அதட்டல் மட்டும் அப்படியே.

“பாத்திரம் கழுவுறதைப் பத்திக் கேக்கவா ஃபோன் போட்டீங்க? வேலைவெட்டி இல்லையா?”

சொல்லை எடுத்துக்கொடுக்காமல், கடைசியாக ஊற்றும் தண்ணீருக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டார்.

“கடைத்தண்ணி. அம்மா தேய்ப்பாங்க, நான் அலசுவேன், எங்க கடைக்குட்டி ஊத்துவா. வேற ஒரு வேலைக்கும் லாயக்கில்ல அது. அவ ஊத்துறதால அம்மா வச்ச பேரு.”

இவளுக்கு இது தெரியாது. உலகமே அப்படித்தான் சொல்கிறது என்று நினைத்திருந்தாள். கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கினாள். துடைத்த தரையிலேயே தண்ணீர் சொட்டியது.

“எங்க வீட்டைத் தாண்டி இது யாருக்கும் தெரியாதே,” என்றாள் அக்கா.

பதிப்பாசிரியர் பேனாவை மூடினார். ஒரே வீட்டுச் சொல் அகராதியில் ஏறாது.

“அவ அங்கதான் நிக்கிறாளா?”

அவர் இவளைப் பார்த்தார். இவள் தலையாட்டினாள்.

“ஆமாங்க.”



“ஒட்டுக்கேக்குற புத்தி இன்னும் போகல,” என்றாள் அக்கா. “ஃபோனை அவகிட்ட குடுங்க.”