யோவேல் நான்காம் அதிகாரம்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். திருப்பித் தந்த டம்ளரில் கிரீஸ் வாசனை. உடனே எனக்கு யோவேல் தீர்க்கதரிசியின் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மல்லிகை வாசனை சிலருக்கு யாரையோ கூட்டிக்கொண்டு வரும். எனக்குக் கிரீஸ், பழைய ஏற்பாட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஊழியத்துக்குப் படிக்கவென்று ஹைதராபாத் வந்த புதிது. இறையியல் கல்லூரியில் எபிரெயப் பாடம். புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறக்க வேண்டும், வலமிருந்து இடம் வாசிக்க வேண்டும், எழுத்துக்கு அடியில் கொசு உட்கார்ந்ததுபோல் புள்ளிகள். நான் மிரண்டுபோனேன். அறைத்தோழி ஷீலா மிரளவில்லை. செகந்திராபாத்திலேயே பிறந்த தமிழ்ப்பெண். "உருது போர்டு பாத்து வளந்தவடி நான். நக்கோ டென்ஷன்" என்பாள். அவள் ஊரில் நக்கோ என்றால் வேண்டாம். துணி துவைத்துக்கொண்டே வினைச்சொற்களை மனப்பாடம் செய்வோம். அவள் ஒன்று கத்த, நான் ஒன்று கத்த, ஒருநாள் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். "கைக்கு லட்ரே?" ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்கிறார். "சண்டை இல்ல பாய், பரீட்சை" என்றாள் ஷீலா, சோப்பு நுரைக் கையைக் கூப்பி.

பிறகு அந்த மொழி என்னைப் பிடித்துக்கொண்டது. காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல். மொட்டைமாடிக் கொடியில் ஒரு தாவணி அசைந்தால்கூட எனக்கு மெய்சிலிர்க்கும். தமிழ் வேதாகமம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போயிற்று. மூலத்தில் நீந்துகிறவளுக்குக் குடத்துத் தண்ணீர் எதற்கு!

அப்போதுதான் சனத்நகரிலிருந்து அழைப்பு வந்தது. பட்டறைகளில் வேலை பார்க்கும் தமிழர்களின் சின்னச் சபை. அங்கே அதுவரை எந்தப் பெண்ணும் பிரசங்கபீடம் ஏறியதில்லை. சபைச் செயலர் ஒரு லேத் பட்டறை ஃபோர்மேன். நாசரேத் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "பொம்பளப்பிள்ள பிரசங்கமா? சரி, ஒரு தடவ பாப்போம்" என்று போனில் சொன்னார். அந்த 'ஒரு தடவ' ராத்திரியெல்லாம் காதில் நின்றது. நான் சொதப்பினால் எனக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கும் கதவு சாத்திவிடும்.

ஞாயிறு காலை. சபையாருக்குச் சலவைச் சட்டை, தலைக்குத் தேங்காய் எண்ணெய். ஆனாலும் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ் வாசனை கூடம் முழுக்க. நான் பீடத்தில் நிமிர்ந்து நின்று கணீரென்று அறிவித்தேன்: "யோவேல், நான்காம் அதிகாரம்."

மெல்லிய தாள்கள் புரளும் சத்தம். கொய்யாமரத்தில் மழை பிடித்ததுபோல. மழை யோவேலைத் தாண்டி அடுத்த புத்தகமான ஆமோஸுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நிற்கவேயில்லை. முன்வரிசையில் ஷீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி எழுந்தார். "எம்மா, எங்க யோவேலு மூணோட முடிஞ்சுபோச்சே. உங்க காலேஜ்ல ஒரு அதிகாரம் கூடப் போட்டுத் தாராவளோ?"

கூடம் குலுங்கியது. அப்போதுதான் உறைத்தது: எபிரெயப் புத்தகத்தில் யோவேலுக்கு நான்கு அதிகாரம். தமிழில் இரண்டாவதாக இருப்பதை அங்கே இரண்டாகப் பிரித்திருப்பார்கள். என்னுடைய நாலு, இவர்களுடைய மூணு. எண்ணைச் சரிபார்க்கத் தமிழைத் தொட்டிருந்தால்தானே!

வரிசை வரிசையாக, இரும்பு பழகிய அந்தக் கைகளைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. "அண்ணாச்சி, கம்பி ஒண்ணுதான். நீங்க மூணு துண்டா வெட்டிருக்கீங்க. எபிரெயக்காரங்க நாலா வெட்டிருக்காங்க. நீளம் கொறையல. மூணாவத எடுங்க."

பிறகு எழுந்த சிரிப்பு வேறு மாதிரி. என்னை உள்ளே சேர்த்துக்கொண்ட சிரிப்பு. அந்த அதிகாரம் கலப்பைக் கொழுவைப் பட்டயமாக, அதாவது வாளாக, அடிக்கச் சொல்கிறது. "அது நம்ம டிபார்ட்மெண்ட்டு" என்றார் காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர். வேறொரு தீர்க்கதரிசி பட்டயத்தைத் திரும்பக் கொழுவாக்கச் சொல்கிறாரே, இரும்புக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். இரும்போடு நாளெல்லாம் பேசுகிறவர்கள் யோசித்தார்கள். எழுதிக்கொண்டு போனதில் பாதியைச் சொல்லவேயில்லை. அதுவே நல்லதாயிற்று.

வாசலில் அண்ணாச்சி கைகுலுக்கினார். "அடுத்த மாசமும் வந்துரும்மா. ஆனா அந்த நாலாவது அதிகாரத்த மட்டும் காலேஜ்லயே வெச்சுட்டு வா." பஸ்ஸில் ஷீலா வழியெல்லாம் "கம்பி ஒண்ணுதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வருஷம் அந்தப் பீடத்தில் ஏறியவளும் ஒரு பெண்தான்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனேன். அண்ணாச்சியின் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். சபை இருக்கிறது, கிரீஸ் வாசனை இல்லை. ஐடி வேலைப் பிள்ளைகள் வசனத்தைப் போனில் திறக்கிறார்கள். அந்த மழை பெய்வதே இல்லை. இல்லாத அதிகாரத்தைச் சொன்னால் போன் அந்த நொடியே இல்லை என்று சொல்லிவிடும். யாரும் தேட வேண்டாம். அன்று சிரிப்பதற்கு முன்னால், அவ்வளவு பேரும் என்னை நம்பி ஆமோஸ் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தார்கள்.