தன் காரையே ஏலம் எடுத்த மச்சான்

போன சனிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நாலைந்து பேர் எழுந்து நின்றார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் கண்டவனுக்கெல்லாம் எழுந்து நின்ற உடம்பு... அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுமா?

அதிகாரி இல்லை, ஐயா. நாங்கள்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில், அரிசி கிடைக்காத நாளில் தின்ற மரவள்ளிக்கிழங்கைத் திட்டி எழுதியிருந்தேன். "எப்போது பார்த்தாலும் அழுகைதானா, ஒரு நல்ல சேதி கிடையாதா?" என்று வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். இந்தாருங்கள், நல்ல சேதி. ஜெயித்த கதை. நான் ஜெயிக்கவில்லை, நான் சொன்ன யோசனை தோற்றது. என் மச்சான் ஜெயித்தார்.

மச்சான் என்றால் என் மனைவி செல்லம்மாவின் அண்ணன் ராமையா. சண்டை வருவதற்கு முன்னால் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் டாக்ஸி ஓட்டியவர். சீட் நிறைந்தால்தான் கிளம்பும் வகை டாக்ஸி. கறுப்பு நிறம், நாலு கதவு. காரைப் பார்த்துக்கொண்டதில் பாதியாவது தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்று அவருடைய சம்சாரம் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரர்கள் வந்ததும் கார்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றா சொல்ல முடியும்? கழுத்து ஒன்றுதானே இருக்கிறது. மச்சானும் ஒப்படைத்தார். ஆனால் ஓட்டிக்கொண்டு போகவில்லை, ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். காரணம், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எஞ்ஜினுக்குள்ளிருந்து ஒரு சின்னத் துண்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். ரோட்டர் என்பார்கள். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் எஞ்ஜின் இருமும், தும்மும், கிளம்பாது. "வண்டி கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர்களும் ஓடுகிற கார்கள் ஏராளமாகக் கிடைத்த சந்தோஷத்தில் இதை ஒரு கொட்டகையில் தள்ளிவிட்டார்கள்.

அதன் பிறகு மச்சான் சுங்கை பூலோவில் வாத்து வளர்த்தார். கோலாலம்பூரே தெரிந்த டிரைவர், கையில் குச்சியோடு வாத்துக் கூட்டத்துக்குப் பின்னால் நடந்தார். வாத்துகள் வரப்பில் திரும்பும்போது அவருடைய இடது கை தானாகக் கியர் மாற்றும். நானே பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

இப்போது வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் போட்டுவிட்டுப் போன வண்டிகளில் சொந்தக்காரர் தெரியாததை எல்லாம் கிள்ளானில், ரயில் நிலையத்தை அடுத்த ஒரு கொட்டகையில், ஏலம் விடுவதாக அறிவிப்பு வந்தது. மச்சான் ஓடினார். "என் கார் இருக்கா பார்க்கணும், என்னோடது, குடுத்துடுங்க" என்று கேட்டார். பத்திரம் இருக்கிறதா என்று அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி கேட்டார்.

பத்திரத்தை மச்சான் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பிஸ்கட் டின்னில் போட்டு, கோழிக்கூண்டுக்குக் கீழே புதைத்திருந்தார். டின் துருப்பிடித்து, கரையான் புகுந்து, தோண்டிப் பார்த்தபோது ஒரு கை மண் இருந்தது. மண்ணைக் காட்டிக் காரைக் கேட்க முடியுமா? "பத்திரம் இல்லேன்னா ஏலத்துக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக, தன் காரைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும். இருந்த வாத்தையெல்லாம் விற்றார். இருநூற்றிருபது வெள்ளி தேறியது. அதற்கு மேல் ஒரு காசு இல்லை, இனி விற்க ஒரு முட்டையும் இல்லை. ஏலத்துக்கு வரப்போகிறவர்களோ பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகள். அவர்கள் கையில் போனால் காரை ஓட்ட மாட்டார்கள், உடைப்பார்கள். டயர் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று ஒரு வாரத்தில் கூறு போட்டு விற்றுவிடுவார்கள். கார் போனால் மச்சானுக்கு வாத்தும் இல்லை, டாக்ஸியும் இல்லை.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வண்டிகளைப் பார்க்க விட்டார்கள். நானும் கூடப் போனேன். மொத்தம் பதினான்கு வண்டிகள். சுற்றிப் பார்க்கலாம், பானட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் சாமான் காணாமல் போய்விடுகிறதாம். இந்த உத்தரவைக் கேட்டு நான் உள்ளுக்குள் குதித்தேன். திறந்து பார்த்தால்தானே ரோட்டர் இல்லாதது தெரியும்? அது ஒன்றைப் போட்டால் வண்டி ஓடும் என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஒன்பதாம் நம்பர் வண்டி மச்சானுடையது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள், நம்பர் பிளேட் இல்லை. ஆனாலும் கிள்ளான் ரோட்டில் மாடு முட்டிய பள்ளம் இடது மட்கார்டில் அப்படியே இருந்தது. கதவில் சாக்பீஸால் 'ஓடாது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். இதைவிட வேறு என்ன வேண்டும்? இரும்பு விலைக்குப் போய்விடும்.

"மூஞ்சியில ஒண்ணும் காட்டிக்காதீங்க" என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மச்சான் மூஞ்சியில் ஒன்றும் காட்டவில்லை. பொம்மை மாதிரி நடந்தார். ஒன்பதாம் நம்பரிடம் வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

முடிந்தது.

தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் செய்தது. பதினைந்து வருஷப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. அங்கே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். காவலுக்கு நின்ற சோல்ஜருக்குப் புரியவில்லை, சீன முதலாளிகளுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒரே ஒருவருக்கு, கிள்ளானில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பெரியசாமி முதலாளிக்கு. நம் ஆள் அல்லவா?

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "என்னண்ணே, டாக்ஸி ஓட்டினவரா?"

"ஆமா முதலாளி. முந்தி."

"டிரைவர் கும்பிட்டா அந்த வண்டியில என்னமோ இருக்கும் லா" என்றவர், பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது நான் மச்சானோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசினேன். நிறையப் பேசினேன். செல்லம்மா காபித்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணனைத் திட்டினது போதும். இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நான் எழுதுகிறவன் இல்லையா, யோசனைக்கா பஞ்சம்? "மச்சான், சனிக்கிழமை ஏலம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி, ஒண்ணுக்கும் உதவாத ஒரு வண்டி முன்னால போய் நில்லுங்க. பெரியசாமி பார்க்கிற மாதிரி தொட்டுக் கும்பிடுங்க. நல்லா உருக்கமா. அவர் அதைப் பிடிச்சுக்கிட்டு விலையை ஏத்துவார். நம்ம வண்டியை விட்டுடுவார்."

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மச்சான் தலையை ஆட்டினார்... பக்கவாட்டில்.

"பொய்க் கும்பிடுக்கு என் கை வராது மாப்ள."

"கார் போயிடும், மச்சான்."

"போனா போவட்டும். சோறு போட்ட சாமான். அதை வச்சு நாடகம் ஆட முடியாது."

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை. செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஒரு நண்பர் பேட்டரியும் ஒரு டின் பெட்ரோலும் இரவல் கொடுத்தார். அவற்றைச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏலத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மச்சான் முதல் நம்பர் வண்டியிடம் போய் நின்றார். தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடடே, மனம் மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் பெரியசாமி முதலாளியும் பென்சிலை எடுத்துவிட்டார். ஆனால் மச்சான் இரண்டாம் நம்பருக்குப் போனார். அதையும் தொட்டுக் கும்பிட்டார். மூன்று. நாலு. ஒரு ஓட்டை லோரியையும் விடவில்லை. முதலாளியின் பென்சில் அப்படியே நின்றது.

ஓடிப்போய்க் காதில் கேட்டேன். "என்ன மச்சான் பண்றீங்க?"

"எல்லாம் எவனோ ஒருத்தன் பொழைப்பு மாப்ள. என்னோடதை மட்டும் கும்பிட்டுட்டுப் போனா, மத்தவன் கண்ணீருக்கு மதிப்பு இல்லையா? இவனுங்கள்ல எத்தனை பேரு உயிரோட இருக்கானோ."

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறாம் நம்பர் வண்டியிடம் வந்ததும் மச்சான் நின்றுவிட்டார். பின் கதவின் கைப்பிடியில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைத் தடவினார். "இது முனியாண்டி வண்டி" என்றார். அதே டாக்ஸி லைனில் ஓட்டியவன் முனியாண்டி. ஒண்டிக்கட்டை. சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள், வரவில்லை. கைப்பிடி உடைந்தபோது அந்தக் கம்பியைச் சுற்றிக் கொடுத்ததே மச்சான்தானாம். பானட்டில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதார்.

பெரியசாமி முதலாளி பார்த்தார். நோட்டைப் புரட்டினார், எதையோ அடித்தார், எதையோ எழுதினார்.

மற்ற வண்டிகளையும், தன் வண்டி உட்பட, மச்சான் தொட்டுக் கும்பிட்டு முடித்தார். ஏலம் ஆரம்பமானது.

ஆறாம் நம்பர் வந்ததும் முதலாளி பாய்ந்தார். அவர் இப்படிப் பாய்கிறாரே, என்னமோ இருக்கும் போலிருக்கிறது என்று ஒரு சீன முதலாளியும் பாய்ந்தார். முந்நூறு, நானூறு, ஐந்நூறு... எழுநூற்று ஐம்பதுக்குப் பெரியசாமி முதலாளி அதைப் பிடித்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்த பார்வை இருக்கிறதே, ராஜா பார்வை.

ஒன்பதாம் நம்பர். "ஓடாத வண்டி" என்று ஏலக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார். நூறு என்றார் ஒரு வியாபாரி. நூற்றைம்பது என்றார் இன்னொருவர். மச்சான் அசையாமல் நின்றார். விலாவில் ஓர் இடி கொடுத்தேன். "இருநூத்தி இருவது" என்று ஒரே போடாகப் போட்டார்.

இருந்ததெல்லாம் அவ்வளவுதான். யாராவது ஒரு வெள்ளி கூட்டிக் கேட்டால் வாத்தெல்லாம் வீண். "சத்து" என்று மலாயில் மூன்று வரை எண்ண ஆரம்பித்தார் ஏலக்காரர். பெரியசாமி முதலாளி ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "டுவா." முதலாளியின் கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தீகா."

கண்ணைத் திறந்தால், முதலாளி காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் மச்சான் என்னை அண்டவிடவில்லை. பேட்டரியை மாட்டினார். கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்தார். டயருக்குக் காற்று அடித்தார் — அடித்தது நான். கடைசியில் மடியிலிருந்து ரோட்டரை எடுத்துப் போட்டு, ஹேண்டிலைச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடியும் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மச்சான் ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியசாமி முதலாளி வந்தார். ஓடுகிற எஞ்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அந்த ஆறாம் நம்பர்ல என்னதான்ணே இருக்கு?"

மச்சான் மறைக்காமல் முனியாண்டியைப் பற்றிச் சொன்னார். முதலாளி ஆறாம் நம்பர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை உடைச்சிடாதீங்க முதலாளி" என்றார் மச்சான்.

"எழுநூத்தம்பது குடுத்துட்டு எப்படி லா உடைப்பேன்? இரும்பு விலைக்குக் கட்டாது. ரிப்பேர் பண்ணி ஓட்டித்தான் ஆவணும்." கோபமாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே வந்து பண்ணிக் குடுங்க. சாமான் வாங்க இப்ப நான் கோலாலம்பூர் போவணும். வண்டி போகுமா?"

"போகும் முதலாளி. ஏறுங்க."

இதற்குள் நான் முன் சீட்டில் ஏறி, காலை நீட்டி, மகாராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டேன். இருக்காதா? இரண்டு நாள் பட்டினி கிடந்தவன், காற்றடித்தவன், சாக்குச் சுமந்தவன். மச்சான் வந்து கதவைத் திறந்தார்.

"மாப்ள, பின்னால போய் உக்காருங்க. முதலாளி காசு குடுத்து வர்ற பேசஞ்சர்."

சொன்னது வாத்துக்காரர் இல்லை, கிள்ளான் லைன் டாக்ஸிக்காரர். நான் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினேன். சந்தோஷமாகத்தான்.