கரண்டுக்குச் சுருதி சேர்த்தவர்

வியாழக்கிழமை மத்தியானம் பதினொன்றாம் வகுப்புக்கு அலைகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தோணி விடாமல் கூப்பிட்டான். வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்பதால் வராண்டாவுக்கு வந்து எடுத்தேன். "ஏலே, காளி அண்ணன் போயிட்டாவ. தறிக்கூடத்துல சேர்ல உக்காந்தபடியே போயிட்டாவ. நெஞ்சு வலிக்குதுன்னுகூட யார்கிட்டயும் சொல்லல" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. அது எப்படி முடியும் என்று அவருக்கு மட்டுமே தெரியும். கேட்டால், "முடிவு தெரிஞ்சிட்டா நீங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே சோம்பேறித்தனம் பண்ணுவிய" என்பார். இப்போது யாருக்குமே தெரியாமல் ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.

காளிராஜ் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற வழியில் விசைத்தறிக் கூடம் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்தவர். 'தறிகெட்ட' என்ற எங்கள் மூவர் குழுவின் கிட்டார் கலைஞர், பாடகர், பாட்டு அமைப்பவர், சர்வாதிகாரி. டிரம்ஸ் அந்தோணி, பேஸ் கிட்டார் நான். நாங்கள் வாசித்ததன் பெயர் புரோகிரெசிவ் மெட்டல். ஒரே பாட்டுக்குள் தாளம் பலமுறை மாறும். தலையாட்டலாம் என்று வந்தவன் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு போவான்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி அந்தோணி கேட்டுக்கொண்டான். நாலு தேறும் என்றுதான் நினைக்கிறேன். மற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன், அவருக்குப் பொய் பிடிக்காது.

அவரை முதலில் பார்த்தது கிருஷ்ணன்கோவிலில், நான் இன்ஜினியரிங் படித்த கல்லூரியின் ஆண்டு விழாவில். அப்போது அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்த நண்பருடன் அன்று சும்மா வந்திருந்தார். நான் கல்லூரிக் குழுவோடு பேஸ் வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கியதும் அருகில் வந்து, "தம்பி, நீ வாசிச்சது ஒண்ணும் வெளிய கேக்கல. உங்க குழுவுலயே அதுதான் நல்ல விஷயம்" என்றார். நான் முறைத்தேன். "ஞாயித்துக்கிழம தறிக்கூடத்துக்கு வா. எம்புட்டு சத்தம் வச்சாலும் அங்க கேக்க ஆளில்ல" என்று வழி சொல்லிவிட்டுப் போனார். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வட மாநிலத்து மாணவன் ஒருவன் விடுதியில் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் நிறைய வெளிநாட்டு மெட்டல் பாட்டுகள் இருந்தன. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் வாசிக்கானுவ. ஆனா எண்ணுறது வெளிய தெரியுது. எண்ணுறது தெரியக் கூடாதுலே" என்றார். ஊரே வியக்கும் வித்வான்களுக்கு அவ்வளவுதான் மரியாதை. அப்படியிருக்க எங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தோணிக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட். மாதா கோவில் திருவிழாவுக்கு டிரம்ஸ் வாசித்துப் பழகியவன். "கை சுமார்தான். கால் மட்டும் மிஷின் மிதிச்சு மிதிச்சு வெளைஞ்ச காலு. அந்தக் காலுக்காகத்தான் ஒன்ன வச்சிருக்கேன்" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் இரண்டை மட்டும் ஓடவிட்டு, அவனை நடுவில் உட்கார வைப்பார். இரண்டும் சேர்ந்து கிளம்பும், மெல்ல விலகும், ஒன்றை ஒன்று முந்தும், எங்கேயோ போய் மறுபடியும் ஒன்றாக விழும். அப்படி ஒன்றாக விழுகிற இடத்தை அந்தோணி முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும். எங்கள் முதல் பாட்டின் தாளம் அப்படி வந்தது.

ஆடிப்பூரத்துக்கு எங்கள் இருவரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துப்போனார். எல்லோரும் தேரையும் வடத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சக்கரத்துக்கு அடியில் காட்டினார். அங்கே ஒருவர் குனிந்து கட்டையைச் செருகினார். அவ்வளவு பெரிய தேர் முனகிக்கொண்டு நின்றது. "ஊரே இழுக்குது. ஒருத்தன் ஒரு கட்டையப் போட்டு நிப்பாட்டுதான். அந்தோணி, நீ இழுக்குறவன் இல்லலே. நீ கட்ட போடுறவன்" என்றார். எங்கள் மூன்றாவது பாட்டில் இசை திடீர் திடீரென்று நின்று போவதைக் கேட்டவர்கள் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். கோளாறுதான், ஆனால் யோசித்துச் செய்த கோளாறு.

இனி அந்த இரைச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தை ஒட்டி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். எர்த்தை மாற்றினோம், வயரை மாற்றினோம், எலக்ட்ரீசியனையே மாற்றினோம். போகவில்லை. நமக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் காதுக்குக் கேட்கிறது. பாடம் எடுக்கிறவன் என்பதால் இதை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிட்டாரை எடுத்து அந்த ரீங்காரத்தோடு சேர்த்துப் பார்த்தார். அது கீபோர்டின் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவே நின்றது. கொஞ்ச நேரத்தில், "போக மாட்டேங்கிறவன வீட்டுக்காரனா ஆக்கிக்கிட வேண்டியதுதான்" என்று எல்லாத் தந்திகளையும் அதற்கே இழுத்துக் கட்டினார். என்னையும் கட்டச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் சுருதிப்பெட்டி அந்த டிரான்ஸ்ஃபார்மர். "கன்னியாகுமரில இருந்து காஷ்மீர் வரைக்கும் ஒரே கரண்டு, ஒரே சுதி. இம்புட்டு பெரிய சுதிப்பெட்டி எந்த வித்வானுக்குலே கெடச்சிருக்கு?" என்று சிரிப்பார். அமெரிக்காவில் மின்சாரம் அறுபது முறை ஆடுகிறது என்றேன். "பொறவென்ன, நம்ம பாட்ட வாசிக்கணும்னா அவன் இங்கதான் வரணும்" என்றார்.

ஒரு ஞாயிறு கரண்டு போய்விட்டது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் இரவல் வாங்கி வந்து, வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்துவிடலாம் என்று நானும் அந்தோணியும் தயாரானோம். அவர் ஒரு தந்தியை மட்டும் மீட்டினார். வயரைப் பிடுங்கி எறிந்தார். "கள்ளக் கரண்டுலே இது. சுதி எறங்கிக் கெடக்கு. கேக்கலயா ஒங்களுக்கு? காதுக்குள்ள என்ன, நம்ம பேண்டேஜ் துணியவா வச்சிருக்கிய?" என்று கத்தினார். ஜெனரேட்டர் கரண்டு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக ஆடும்; அந்த வித்தியாசம் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கும் வரை திட்டினார். பல மாதம் பிடித்தது. பிறகு, வேண்டாம் என்றாலும் கேட்கத் தொடங்கியது.

எங்கள் முதல் ஆல்பத்தின் பெயர் 'ரத்தம் உறிஞ்சும் துணி'. வெளியூர்க்காரர்கள் பயந்தார்கள். அவர் தொழிலைத்தான் பெயராக வைத்தார். அதில் ஒரு பாட்டுக்கு நான் அமைத்த தனி வாசிப்பு உண்டு. மாதக்கணக்கில் உழைத்தது. ஒருநாள் போனபோது, "அத அழிச்சிட்டேன்" என்றார். நன்றாக இல்லையா என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு. அதான் அழிச்சேன். அதுல நீ தெரியுத, பாட்டு தெரியல" என்றார். இப்படி ஒரு மனிதரோடு ஏன் இருந்தாய் என்று என் மனைவி கேட்பாள். திட்டாத நாளில் அவர் எங்களைப் பார்க்கவே இல்லை என்று தோன்றும், அதனால் இருந்தேன்.

சென்னையிலிருந்து இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் வந்தார். எங்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்த ஆள். ஆல்பத்தை முழுக்கக் கேட்டார். பிடித்திருந்தது. பெரிய அளவில் வெளியிடுகிறேன், மேடையும் ஏற்றுகிறேன், ஒரே நிபந்தனை, பின்னணியில் இருக்கும் இரைச்சலை நீக்கிவிட வேண்டும் என்றார். இப்போதெல்லாம் அது கம்ப்யூட்டரில் சின்ன வேலை. காளி அண்ணன் அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, "அது பின்னணி இல்ல சார். அதான் பாட்டு. நாங்கதான் பின்னணி" என்றார். வந்தவர் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கார் திரும்புவதற்குள் நான் சண்டை பிடித்தேன். உங்கள் வீம்புக்கு எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையைப் பலி கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் நிதானமாக, "வாத்தியாரே, ஒனக்கு ஊரு கைதட்டணும். எனக்குச் சுதி சேரணும். ரெண்டும் ஒரே பஸ்ல வராது" என்றார். மழைக்காலம் முடியும் வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் செய்தது தவறு என்று அன்று சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

ஆல்பத்தை நாங்களே இணையத்தில் போட்டோம். கேட்டவர்கள் எல்லோரையும் ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார வைத்து அனுப்பிவிடலாம். பெங்களூரு இணைய இதழ் ஒன்றிலிருந்து ஒருவர் போனில் பேட்டி எடுத்தார். உங்கள் இசையில் யார் யாருடைய தாக்கம் இருக்கிறது என்று கேட்டார். அண்ணன், "ரெண்டு தறி, நைட்டி தைக்கிற கால் ஒண்ணு, தேருக்குக் கட்ட போடுற ஆளு. மிச்சமெல்லாம் கரண்டு" என்றார். பேட்டி எடுத்தவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, தொன்மையான தென்னிந்திய மரபின் நுண்சுரங்கள் ஒலிக்கின்றன என்று எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது அண்ணனுடைய மனைவி முத்துமாரி அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "ஒங்க பாட்டுல அந்த மோட்டார் சத்தம் ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு" என்றார்கள். அண்ணன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அவருக்குக் கிடைத்த ஒரே சரியான விமர்சனம் அதுதான் என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நானும் அந்தோணியும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கொடுத்த படத்தில் கிட்டார் இருந்திருக்கிறது. மரியாதையாக இருக்காது என்று அதை அழித்துவிட்டு, கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். இடது கை விரல்கள் மட்டும் அப்படியே வெறுங்காற்றை அழுத்திக்கொண்டிருந்தன. எங்கள் இரண்டாவது பாட்டின் ஆரம்பம் அது. பந்தலில் அவருடைய சித்தப்பா ஒருவர், "தறிய மட்டும் ஒழுங்கா ஓட்டிருந்தா இன்னேரம் மாடி கட்டிருப்பான்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தோணி என் கையைப் பிடித்தான். "கேக்குதாலே?" என்றான். ஃப்ரீசர் பெட்டி 'ம்ம்ம்' என்று பாடிக்கொண்டிருந்தது. எங்கள் சுருதி. இம்மியும் பிசகவில்லை. கூட்டம் அழுதது, சங்கு ஊதினார்கள், எல்லாவற்றுக்கும் அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நாற்காலிக்குப் போகாமல் பெட்டி ஓரமாகவே நின்றோம்.

அப்போது சென்னைக்காரர் போன் செய்தார். செய்தியை எங்கோ பார்த்திருக்கிறார். வருத்தம் தெரிவித்தார். அதே மூச்சில், "இப்ப வெளியிட்டா ஜனங்க கண்டிப்பா கேப்பாங்க சார். அந்த இரைச்சல மட்டும் எடுத்துருவோம். இனி வேண்டாம்னு சொல்ல ஆளில்லையே" என்றார். உண்மைதான், சொல்ல ஆளில்லை. செத்த பிறகுதான் கேட்பார்கள் என்பதும் உண்மைதான். பத்து நிமிடத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆசை இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய்.

உச்சிவேளைக்குக் கரண்டு நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு என்று யாரோ சொன்னார்கள். பெட்டி ஒரு குலுக்கலோடு அடங்கியது. அந்தச் சித்தப்பா ஓடிப்போய் வாடகை ஜெனரேட்டரைக் கிளப்பச் சொன்னார். பெட்டி திரும்பவும் பாடத் தொடங்கியது. சுருதி இறங்கிக் கிடந்தது. கொஞ்சம்தான். பந்தலில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கும் அந்தோணிக்கும் உடம்பெல்லாம் கூசியது. பழக்கதோஷம், இரண்டு பேரும் ஒன்றாக அவர் முகத்தைப் பார்த்தோம், ஏச்சு வாங்குவதற்காக.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கள்ளக் கரண்டில் படுத்துக்கொண்டு, இறங்கிப்போன சுருதியைப் பொறுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தார். வியாழக்கிழமையிலிருந்து எல்லோரும் சொன்னதை நான் அப்போதுதான் நம்பினேன். அதுவரை வராத அழுகை, அத்தனை பேருக்கும் முன்னால் வந்தது.

கால்மாட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த முத்துமாரி அக்கா நிமிர்ந்தார்கள். "அத அணைங்க" என்றார்கள். வெயிலுக்கு உடம்பு தாங்காதும்மா என்றார் சித்தப்பா. "செத்த நேரத்துல எடுக்கத்தான போறிய. அவியளுக்கு ஜெனரேட்டர் ஆகாது. அணைங்க" என்றார்கள். அணைத்தார்கள்.

அந்த அமைதியில் பந்தலுக்கு வெளியே போய்ச் சென்னைக்காரரை அழைத்தேன். இரைச்சல் இருக்கும், அப்படியே போடுவதானால் போடுங்கள் என்றேன். உணர்ச்சிவசப்படுகிறீர்கள், ஆற அமர யோசியுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். அவர் அதன் பிறகு அழைக்கவில்லை, இனி அழைக்கவும் மாட்டார்.

அண்ணே, நீங்கள் செய்தது தவறுதான். அதே தவறை என்னையும் செய்ய வைத்துவிட்டீர்கள். என் வீட்டு ஃபிரிட்ஜ், பள்ளிக்கூடத்து டியூப் லைட், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் உங்கள் சுருதியில்தான் முனகுகின்றன. கரண்டு இருக்கிற எந்த ஊருக்குப் போனாலும் உங்களிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை. அந்தப் பாதிப் பாட்டை நானும் அந்தோணியும் முடிக்கப்போவதில்லை. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டு, ரீங்காரத்தை மட்டும் ஓடவிடப்போகிறோம். தப்பாக இருந்தால் வந்து திட்டுங்கள்.