பதினாலாம் துண்டில் பாக்கியம் அக்காவை வெட்டியது யார்?

இன்று நானாட்டானில், கமக்காரர் (விவசாயிகள்) சங்கத்தின் ஒரேயொரு கதிரையில் நான் இருக்க, என் தலைக்கு மேலே ஒரு சண்டை!

சண்டைக்காரி பாக்கியம் அக்கா. போர் முடிந்து முகாமிலிருந்து மீளக்குடியேறி வந்து, இரண்டு பிள்ளைகளோடு தனி ஆளாக வயல் செய்கிறவர்.

"என்ர பேரை ஆர் வெட்டினது?"

அவர் கையில் இருந்தது, விடியச் சங்க வாசலில் தொங்கவிட்ட சிறுபோகத் (கோடைப் பயிர்) தண்ணீர்ப் பட்டியல். யாருக்கு எந்த நாளில் வாய்க்கால் திறக்கும் என்பது அதில்தான் இருக்கும். பெயர் இல்லையென்றால் தண்ணீர் இல்லை.

பட்டியல் பகல் பன்னிரண்டு மணிக்கு நீர்ப்பாசனக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போகவேண்டும். அப்போது மணி பத்து.

அதை அச்சடிக்கும் புரோகிராமை எழுதியது நான்தான். (இலவசமாக! ஆனால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.)

"பதினாலாம் துண்டுக் காணியில ராசமணின்ர பேர் மட்டும் கிடக்கு. அவள்தான் சொல்லி என்னை வெட்டுவிச்சிருக்கிறாள். காலமை ரோட்டில வைச்சே நல்லாக் கேட்டுப்போட்டன்!"

செயலாளர் அண்ணை கும்பிடாத குறை. "சத்தியமா நான் ஒண்டும் வெட்டேல்லை பாக்கியம். தந்த பேர் முழுக்க இந்தப் பிள்ளையிட்டக் குடுத்தனான்."

"என்ர புரோகிராமில பிழை வராது அக்கா. போன மாரியில காலபோகத்துக்கு ஒரு பிழையும் வரேல்லைத்தானே" என்றேன்.

(இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்!)

மடிக்கணினியைத் திறந்து டிபக்கரைப் போட்டேன். ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற கருவி அது.

பார்த்தால், திரை நிறைய இலக்கங்களும் அடைப்புக்குறிகளும்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இதென்ன தங்கச்சி, எறும்புப் புத்து உடைஞ்ச மாதிரி? இதுக்க நான் எங்க இருக்கிறன்?"

நியாயமான கேள்வி. எனக்கே தெரியவில்லை!

டிபக்கரைக் குறை சொல்லவும் முடியாது. நினைவகத்தில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அள்ளிக் கொட்டுவதுதான் அதன் பழக்கம். ஆனால் பைத்தான் மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, 'இந்த வகைத் தரவைக் கண்டால் இப்படிக் காட்டு' என்று சொன்னால் கேட்கும். ஆறு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்ட வேலை.

அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தால் எந்தச் சோம்பேறியும் எழுதுவாள். அரை மணித்தியாலத்தில் முடித்தேன்!

துண்டு இலக்கம், பெயர், அளவு. மூன்றே மூன்று. அதுவும் தமிழில். அளவு உள்ளே பேர்ச்சஸில்தான் (நூற்றறுபது சேர்ந்தால் ஓர் ஏக்கர்) கிடக்கும். ஸ்கிரிப்ட் அதை ஏக்கராக்கிக் காட்டும்.

முதல் தடவை நூற்றறுபதால் பிரிக்க மறந்துவிட்டேன். ஆளுக்கு எண்பது ஏக்கர் காட்டியது! செயலாளர் அண்ணையின் முகம் மலர்ந்தது. (திருத்திவிட்டேன் அண்ணை, மன்னிக்கவும்.)

பிறகு ஒவ்வொரு அடியாக ஓடவிட்டேன்.

'துண்டு 14: பாக்கியம், அரை ஏக்கர்.'

"இருக்கிறன்! உதில நான் இருக்கிறன்!" அக்கா என் தோளில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது.

அடுத்த அடி.

'துண்டு 14: ராசமணி, அரை ஏக்கர்.'

பாக்கியத்தைக் காணவில்லை.

அக்கா திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இப்ப ஆர் என்னை வெட்டினது?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"ராசமணி அக்கா இல்லை. நான்தான்."

ஒரு துண்டுக்கு ஓர் ஆள் என்று எழுதி வைத்திருந்தேன். அடுத்த ஆள் வந்தால் முந்தின ஆள் அழிந்துபோவார்; கடைசி ஆள் மட்டும் மிஞ்சுவார். வெட்கமாகப் போய்விட்டது.

"சிறுபோகத்தில ஒரு துண்டுக்கு ஒராளோ? குளத்தில தண்ணி காணாதெண்டு வாய்க்கால் தலைப்பில கொஞ்சக் காணியைத்தானே எடுக்கிறது. ஆரின்ர காணியெண்டாலும் எல்லாருக்கும் அதில பங்கு. பதினாலில நாங்கள் மூண்டு பேர்! உது தெரியாமலோ எழுதினனீ?"

தெரியாது அக்கா. நான் எருக்கலம்பிட்டிக்காரி, வளர்ந்தது புத்தளத்தில். எனக்கு மீன் தெரியும், உப்புத் தெரியும். சிறுபோகம் என்றால் காலபோகத்தின் தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தேன்!

"அப்ப மற்றத் துண்டுகளிலயும் ஆக்கள் அழிஞ்சிருப்பினமே?"

"ஓம் அக்கா."

வேறு யாரும் இன்னும் வந்து பார்க்கவில்லை. இவர் மட்டும் ஏன் விடியவே வந்து பார்த்தார்? கேட்டேவிட்டேன்.

"முகாமில படிச்ச பாடம் தங்கச்சி. என்ர பேரைக் கண்ணால காணாமல் நான் ஒரு லிஸ்டையும் நம்பிறேல்லை."

ஒரு துண்டில் எத்தனை பேரும் இருக்கலாம் என்று மாற்றினேன். டிபக்கரில் மறுபடி ஓடவிட்டோம். பதினாலில் மூன்று பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. இரண்டு பக்கப் பட்டியல் நாலு பக்கமாகிவிட்டது.

பதினொன்றே முக்காலுக்கு அச்சடித்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்! செயலாளர் அண்ணை மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

நன்றி சொல்வார் என்று பார்த்தேன். அக்கா சைக்கிளை எடுத்தார், பிறகு திரும்பி வந்தார்.

"தங்கச்சி, உதில ஒவ்வொரு அடியா நிப்பாட்டிப் பாக்கலாம், பிழையெண்டால் திருத்தலாம், என்ன?"

"ஓம் அக்கா!" (எவ்வளவு பெருமை எனக்கு!)

"அப்ப, காலமை நான் ராசமணியை ரோட்டில வைச்சு ஏசினதைத் திருத்த உதில வழி இருக்கோ?"

இல்லை என்றேன். அக்கா ராசமணி வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

நண்பர்களே, அதற்கு யாராவது ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறீர்களா? சண்டையை மூட்டிவிட்டவள் என்ற முறையில் எனக்கும் ஒரு பிரதி வேண்டும்!