சங்கின் மேல் போட்ட பழி

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது கூர்மையாகிவிட்டது. அதற்குக் காரணம் சித்தப்பாவின் கார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. சென்னையில் வேலை. அதுவரை சனிக்கிழமை தோறும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு திருத்தணிக்கு வந்தவர், திடீரென்று ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கினார். வாங்கியதை அப்படியே ஓட்டினால் என்ன குறைந்துபோகும் என்று தெரியவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்த வேறு ஸ்பிரிங்கைப் போட்டார். அகலமான டயர் வைத்தார். முன்பக்கத்து பம்பரை எடுத்துவிட்டு, தரையைத் துடைத்துக்கொண்டு போவதுபோல ஒரு பிளாஸ்டிக் பம்பரை மாட்டினார். எங்கள் தெரு வேகத்தடை வந்தால் நாங்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்; கார் மட்டும் அதைத் தாண்டி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். பந்தய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சித்தப்பா சொன்னார். பொதட்டூர்பேட்டை லுங்கிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக விற்றுவந்த அப்பா, தம்பியை ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார்.

எங்கள் ஊரில் வண்டி வாங்கினால் மலைக்கு ஏற்றி முருகனுக்குக் காட்டிப் பூசை போடாமல் யாரும் ஓட்ட மாட்டார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கியதோடு அத்தைக்குத் திருப்தி வரவில்லை. அத்தை இவர்கள் இருவருக்கும் மூத்தவர். அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு சங்கைத் திருஷ்டிக்கென்று கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் பம்பரில் அதைக் கட்ட இடமில்லை. பூசைக்கடைக்காரர் குனிந்து பார்த்து, இடப்பக்கச் சக்கரத்தைத் தாங்கி உள்ளே ஓடிய இரும்புக் கையில் கட்டிவிட்டார். அடுத்த கிருத்திகை வரைக்கும் அவிழ்க்கக்கூடாது, அவிழ்ப்பதானாலும் மலை மேலேயே வந்து அவிழ்க்க வேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டார்.

சத்தம் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வலப்பக்கம் வளையும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் முன்னால் இடது பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்பதால், அப்பாவின் மடியில் முன் சீட்டுதான் எனக்கு. அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டதைவிடக் காலில்தான் அதிகம் கேட்டது. யாரோ அடியில் படுத்துக்கொண்டு முட்டியால் தரையைத் தட்டுவதுபோல இருக்கும். நான் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொள்வேன்.

"அது சங்குடா, ஆடிகினு வருது. சாமி கூடவே வராருன்னு நெனச்சிக்கோ," என்பார் அத்தை. எனக்குக் கூடவே வருவது சாமியாகத் தெரியவில்லை.

சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்தார், நண்பர்களைக் கேட்டார். ஒருவர் லிங்க் ராடு என்றார், மாற்றினார். இன்னொருவர் மேலே இருக்கிற ரப்பர் என்றார், அதையும் மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சத்தம் அடங்கி, மறுநாள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் பெரிய ஆராய்ச்சி நடக்கும். அப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். சித்தப்பா ஸ்பிரிங் மேல் கையை வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பார். அம்மாவும் நானும் பானெட்டை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அமுக்கும்போதெல்லாம் சங்கும் சேர்ந்து தட்டும். எது எந்தச் சத்தம் என்று யாருக்கும் தெரியாது. அத்தை மட்டும் தெளிவாக இருந்தார்.

கடைசியில் அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் காரை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சங்கு டொக் டொக் என்றது.

"லேசா ஓர் ஆட்டம் இருக்கற மாரி தெரியுதுண்ணா. ஆனா இந்தச் சங்கு இருக்கற வரைக்கும் என்னால காத நம்ப முடியாது. மொதல்ல இத்த அவுருங்க."

"நீயே அவுரேன்," என்றார் சித்தப்பா.

அவர் கையை எடுத்துவிட்டார். "மலையில கட்டினது. எண்ணெக் கையோட நான் தொட மாட்டேன் சாமி."

ஒரு துணியையாவது சுற்றலாமே என்று அப்பா கேட்டார். "சங்குக்குத் துணி சுத்தறது சாமி வாயக் கட்டறாப்பல," என்று அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கிருத்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, அவிழ்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம். மெக்கானிக் சித்தப்பாவைத் தனியாக அழைத்து மெதுவாக ஓட்டச் சொன்னார். அது எனக்கும் கேட்டது. அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாராவது டெஸ்கைத் தட்டினால்கூட நான் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொள்வேன்.

கிருத்திகையன்று எல்லோரும் அதே காரில் மலை ஏறினோம். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அது தட்டியது. சாலை ஓரத்தில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை; கீழே ஊர் தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்ததுபோலக் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்தால் விழுந்துவிடும் என்று வலது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் எடையில்தான் கார் சாலையில் நிற்கிறது என்று எனக்கு நினைப்பு.

மேலே கூட்டம் தாங்கவில்லை. காவடிகளுக்கு நடுவில் இடம் பிடித்து நிறுத்தி, கற்பூரம் காட்டி, சித்தப்பா தரையில் படுத்துக் கயிற்றை அவிழ்த்தார். அத்தை சங்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இனிமே ஒரு சத்தம் வருதா பாரு!"

சித்தப்பா வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

டொக்.

சங்கு அத்தையின் கையில் இருந்தது. சித்தப்பா மறுபடி திருப்பினார். மறுபடி அதே சத்தம், இப்போது இன்னும் கனமாக. சித்தப்பா இறங்கி மெக்கானிக்குக்குப் போன் செய்தார். "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. "சக்கரமே கழண்டுக்குமாம்ண்ணா," என்றார் அப்பாவிடம்.

"வண்டிய இங்கயே உட்டுடலாம்டா," என்றார் அப்பா. அதற்குள் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் வண்டிகள் நிற்கின்றன, எடு எடு என்று பானெட்டைத் தட்டினார். சித்தப்பா அவரிடம் ஏதோ சொல்லிப் பார்த்தார். இன்று மேலே இழுவை வண்டியெல்லாம் வராது, கீழே போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"லேடீஸ் எல்லாம் பஸ்ல வாங்க," என்றார் அப்பா. நான் அதற்குள் அப்பாவோடு முன் சீட்டில் ஏறியிருந்தேன்; இறங்கவில்லை. அந்தக் காரைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆனால் அது அப்பாவை ஏற்றிக்கொண்டு நான் இல்லாமல் போவது அதைவிடப் பயமாக இருந்தது. நீயும் இறங்குப்பா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். "நீயும் எறங்குண்ணா. நான் மொத கியர்லயே எறக்கிகினு போயிடறேன்."

"ஹேண்ட் பிரேக் புடிக்க ஒரு ஆள் வோணாமா? எடு வண்டிய."

அப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. என்னைத் தூக்கி வெளியே விட்டவர், சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். வீட்டில் கெஞ்சினாலும் தொட விடாத போன். அதன் லாக் நம்பரையும் சொன்னார். ஒரு தடவை சொல்லிவிட்டு, என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "அம்மாகிட்டயும் சொல்லிடு," என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் பஸ் அந்தக் காருக்குப் பின்னாலேயே இறங்கியது. டிரைவர் எரிச்சலில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். கார் எறும்புபோல ஊர்ந்தது. அத்தை சங்கை மடியில் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று முனகினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் நான் முன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். சிவப்பு நிறம் தெரிந்தால் மூச்சு விடுவேன்.

அடிவாரத்தில் வளைவு தாண்டி, மெக்கானிக் நின்றிருந்த எதிர்ப்பக்கச் சாலையோரத்தில் நிறுத்துவதற்காகக் கார் வலப்பக்கம் திரும்பியது. அப்போதுதான் இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கியது. கார் ஒரு காலில் மண்டியிட்டாற்போல உட்கார்ந்துவிட்டது. நாங்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினோம். சித்தப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா இன்னும் உள்ளேதான் இருந்தார். கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருந்தது. சித்தப்பாதான் அந்த விரல்களைப் பிரித்து எடுத்தார்.

அங்கே காத்திருந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார். சக்கரத்தை இரும்புக் கையோடு சேர்த்துப் பிடிக்கிற உருண்டை மூட்டு தேய்ந்து கழன்று வந்திருந்தது. "இது மேல நடந்திருந்தா..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்பா டீ வாங்கினார். பாதி டீ அவர் லுங்கியில்தான் சிந்தியது. நான் சிரித்தேன். அம்மா முதன்முறையாக அழுதார். எல்லாம் முடிந்த பிறகு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு அப்பா என்னிடம் போனைக் கேட்கவே இல்லை. வீடு போய்ச் சேரும்வரை அது என் கையில்தான் இருந்தது. அவர் சொன்ன நம்பரை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போன் கைமாறிப் போய்விடுமே என்று பயம். அப்போது எனக்கு மிச்சமிருந்த பயம் அது ஒன்றுதான்.