கப்பலூரிலிருந்து காளவாசலுக்கு ஓர் இசைத்தட்டு

23 மே 1983, திங்கட்கிழமை, மாலை 5.40. மதுரை.

1. சென்றதன் காரணம்

இசைத்தட்டு தேடிப் பயணப்படும் நண்பர்களுக்கு,

உலகப் புகழ்பெற்ற அந்த ஹார்ட் ராக் குழுவின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாடல் நம் எவருடைய கேசட்டிலும் இல்லை. நாடா முடிந்துவிடும் என்று பதிவுக் கடைக்காரர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம். எனவே முழுத் தட்டையே இரவல் வாங்கிக் காளவாசல் கடையில் பதிந்துகொள்ள, நேற்று, ஞாயிறன்று, கப்பலூர் சென்றேன்.

தட்டு, தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் வேலுச்சாமியின் அண்ணனுடையது. அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர். மறுநாள் காலை வீடு திரும்புவதாக இருந்தது.

"அவருக்குத் தெரியாமத்தான் தாரேன், அய்யா. ஒரு கீறல் விழுந்துச்சுனா என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. நாலு மணிக்குள்ள கொண்டாந்துருங்க," என்றார் வேலுச்சாமி.

2. பேருந்தில்

முற்பகல் 11.20க்குப் பேருந்து ஏறினேன். பழங்காநத்தம் வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். உட்கார இடமில்லை, அக்கினி நட்சத்திர வெயில். பின்படியருகே தட்டை மார்போடு அணைத்து நின்றேன்.

"எம்புட்டு நேரம் அதத் தூக்கிக்கிட்டு நிப்பீக? இங்கிட்டுக் குடுங்க," என்று ஒருவர் வாங்கினார். நம் ஊர்ப் பேருந்துகளில் நிற்பவரின் சுமை கைமாறிக் கைமாறி முன்னால் போய்விடும். நான் மறுக்குமுன் அது ஓட்டுநரை அடைந்தது. அவர் அதை, மிகுந்த மரியாதையுடன், தம் அருகிலிருந்த என்ஜின் மூடியின்மேல் வைத்தார்.

"அங்கே வைக்காதீர்கள்! சூடு பட்டால் கெட்டுவிடும்!" என்று கத்தினேன்.

"என்னண்ணே அது, அப்பளமா?" என்றார் ஒரு பயணி.

"இசைத்தட்டு!"

"அப்பச் சுட்டுத்தான் பாட்டுக் கேக்கணும் மாப்ள!" என்று அவருடைய கூட்டாளி கத்தினார்.

பேருந்தே சிரித்தது. என்னால் நகர முடியவில்லை. திருப்பரங்குன்றத்தில் கூட்டம் இறங்கிய பின்னரே முன்னால் சென்றேன். உறை சுட்டது. தட்டின் விளிம்பு ஓரிடத்தில் அலைபோல் எழும்பியிருந்தது.

3. காளவாசலில்

பழங்காநத்தத்திலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா. பதிவுக் கடைக்காரர் குபேந்திரன் தட்டைச் சுழலவிட்டுப் பார்த்தார். இரு பக்கங்களும் விளிம்பில்தான் தொடங்குகின்றன. முதல் பக்கத்தின் முதற்பாடலே உலகம் முழுதும் ஒலித்த பாடல். அதில் ஊசி துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது.

"உங்களுக்கு வேண்டியது கடைசிப் பாட்டுதான அய்யா? அது உள்ளுக்குள்ள, லேபிள் பக்கத்துல இருக்கு. வளைவு அம்புட்டுத் தூரம் போகல."

போகவில்லை. ஏழு நிமிடம் ஊசி துள்ளவில்லை. முரசு நெடுநேரம் காத்திருந்து, பிறகு மலை சரிவதுபோல் விழும் பாடல் அது. இரண்டு கேசட்டுகளில் பதிந்தோம். வேண்டியது கிடைத்தும் அதைக் கேட்டு மகிழ என்னால் முடியவில்லை.

4. மீண்டும் கப்பலூர்

3.35க்கு வேலுச்சாமியிடம் தட்டைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பார்த்தார். பின், "நாளைக்கு அவரு வாரப்ப நீங்களும் வந்துருங்க," என்றார்.

இன்று காலை 9.15க்குப் பட்டறையை ஒட்டிய அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அண்ணன் முதற்பாடலைப் போட்டார். ஊசி துள்ளியது. தம்பியைப் பார்த்தார்; தம்பி தரையைப் பார்த்தார். "தவறு என்னுடையது," என்றேன்.

"இந்த ஒரு பாட்டுக்காகத்தான் சிங்கப்பூர்ல வாங்குனேன். அப்படி என்னத்தக் கேக்க அள்ளிட்டுப் போனீக?"

பக்கத்தைத் திருப்பிக் கடைசிப் பாடலில் ஊசியை வைத்தேன். முரசு விழுந்ததும் அவர் நாற்காலியில் அமர்ந்தார்.

"இதுவும் இதுலயேவா இருந்துச்சு?"

மறுமுறையும் அதையே போட்டார். ஆனால் முகம் இளகவில்லை. "இனிமே தட்டு வாசலத் தாண்டாது. கேக்கணும்னா இங்க வந்து கேளுங்க. கெட்டுப்போன என் பாட்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க," என்றார்.

5. வருவோர் கவனத்திற்கு

ஞாயிறு காலை பத்து மணிக்குமுன் செல்லுங்கள். கோடையில் இசைத்தட்டுடன் பேருந்து ஏற வேண்டாம். ஏறினால் எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அந்தப் பாடலை அங்கேயே, அண்ணனுடன் அமர்ந்து கேளுங்கள். பிறகு என் கேசட் தேவைப்படாது.

இணைப்பு:
(அ) கேசட் ஒன்று. பாடலுக்குப் பின் நாடாவை வெறுமையாகவே விடச் சொன்னேன்.
(ஆ) கப்பலூர்ப் பட்டறைக்கு வழி வரைந்த தாள்.
(இ) என் முகவரி எழுதிய அஞ்சலட்டைகள் நான்கு. முதற்பாடல் பழுதில்லாத அதே தட்டு உங்களில் எவரிடமேனும் இருந்தால் உடனே எழுதுங்கள். நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.