வைதேகி டீச்சருக்கு ஒரு நெக்

கிட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்கள் கிட்டாரோடு ஒரு பொய்யையும் கொண்டு வருவார்கள். "தானாவே இப்படி ஆயிடுச்சுங்க" என்பதுதான் அதில் அதிகம் விற்கும் பொய். மன்னார்புரத்தில் செல்வம் அண்ணன் நடத்தும் ரிப்பேர் கடையில் நாலு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆன்லைனில் செருப்பு வாங்கி, அளவு சேராமல் திருப்பி அனுப்பியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நெக் தேடியவனின் பாடு உங்களுக்குப் புரியும். நெக் என்பது விரல் வைத்துக் கம்பியை அழுத்துகிற அந்த நீளமான மரப்பகுதி. அது கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். சொல்வதற்குச் சுலபம்.

கூரைக்குக் கீழே

வைதேகி டீச்சர் பொய் சொல்லாத வாடிக்கையாளர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். "மொட்டை மாடி ரூம்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ வச்சிருந்தேன் தம்பி. ரெண்டு கோடை. தப்பு என்னோடதுதான்" என்றார். திருச்சி வெயிலைப் பற்றி யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கிட்டார் அது. தானாகவே வாசிக்கப் பழகியிருக்கிறார். மூன்று வாரத்தில் பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகளோடு மேடையேறி வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அழைப்பிதழிலும் பெயர் அச்சாகிவிட்டது. செல்வம் அண்ணன் கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கை நீளவாக்கில் பார்த்தார். முருங்கைக்காய் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு நல்லா இருக்கு டீச்சர். இந்த நெக்குல இனிமே துணிதான் காயப்போடலாம்."

ஐம்பத்திரண்டு

புது நெக் வாங்க முதலில் வேண்டியது ஓர் அளவு: கிட்டார் உடம்பில் நெக் உட்காருகிற பள்ளத்தின் அகலம். அன்றைக்குப் பார்த்து, மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து எண்ணில் காட்டுகிற காலிபரில் பேட்டரி தீர்ந்திருந்தது. மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். வழக்கமாக எல்லாரும் விற்பது ஐம்பத்தாறு. ஐம்பத்திரண்டு எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்படாமல், விடாமுயற்சியோடு தேடி ஒன்றைக் கண்டுபிடித்து ஆர்டர் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்தது. பள்ளத்தில் வைத்தால், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. நெக்கைப் பார்க்க வந்திருந்த டீச்சர், நான் அளந்த ஸ்கேலை எடுத்துப் பார்த்தார். விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி. "ஓரத்துலேருந்து அளக்காதே, பூஜ்யத்துலேருந்து அளன்னு ஆறாங்கிளாஸ்ல உனக்கு யாரும் சொல்லித் தரலையா தம்பி?"

கீழே வைக்காத கிட்டார்

அகலம் தெரிந்துவிட்டது. அடுத்த குழப்பம் பருமன். "தடியா வாங்குங்க டீச்சர், சவுண்டு கனமா வரும்" என்றார் செல்வம் அண்ணன். டீச்சர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "எங்க அண்ணா அப்பவே சொல்வான், உன் கைக்கு கிட்டார் எட்டாதுன்னு. அந்த நெக் நேரா இருந்தப்பவே பாதி ஸ்வரம் எனக்குப் பிடிபடாது." அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இன்னொரு தப்பான நெக் வந்தால் இவர் மேடையை மட்டுமில்லை, கிட்டாரையே விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த ஏழு கிட்டாரையும் ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தேன். எது நல்லா இருக்கு என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்கு எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்பார். எதைக் கீழே வைக்க மறக்கிறார் என்று மட்டும் பார்த்தேன். ஐந்தாவது, யாரோ ஒரு காலேஜ் பிள்ளையின் மலிவான கிட்டார். டீ வந்து ஆறிப்போகும் வரை வாசித்துக்கொண்டிருந்தார். வாங்கி அளந்தேன், இந்தத் தடவை பேட்டரி போட்ட காலிபரால். மெல்லிய நெக். டீச்சரின் பழைய நெக்கைவிட எவ்வளவு மெலிசு என்று காட்டினேன். டீச்சர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெருமாளே! இருபது வருஷமா என் கையைன்னா திட்டிண்டிருந்தேன்!"

வெள்ளிக்கிழமை

அந்த மெலிசிலேயே ஆர்டர் போட்ட ரெண்டாவது நெக் வந்து சேர்ந்தபோது விழாவுக்கு ஐந்து நாள்தான் பாக்கி. பாலிஷ் போடாத வெள்ளை மேப்பிள் மரம். நான் ஸ்க்ரூ வாங்க அரியமங்கலம் போயிருந்த நேரத்தில், செல்வம் அண்ணன் அதைச் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை, புதுச் சாமான், கடை வழக்கம். ஆம்ப்ளிஃபயர் என்றால் துடைத்தால் போய்விடும். பாலிஷ் இல்லாத மரம் குங்குமத்தைக் குடித்துவிட்டது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு ஒரு ரூபாய் அளவுக்குப் பெரிதானதுதான் மிச்சம். தேய்த்தும் போகவில்லை.

"நீயே சொல்லுடா. நீ மெதுவா பேசுவ, திட்டும் மெதுவா விழும்" என்று அண்ணன் உள்ளே போய்விட்டார். டீச்சர் வந்ததும் சொன்னேன். அவர் நெக்கின் தலைப்பக்கத்தில் சிவந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு இடது கையால் நெக்கைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் சுற்றி வந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "கைக்கு அடங்கறது தம்பி. பொட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நீ ஸ்க்ரூவுக்கு ஓட்டையைப் போடு."

மறுநாள்

பாலிஷ் போட்டு மூன்று நாள் காயவைத்து, நெக்கை மாட்டி, கம்பி கட்டி, செவ்வாய்க்கிழமை கொடுத்தனுப்பினேன். புதன் சாயங்காலம் விழா. எனக்குக் கடையில் வேலை. மேசையில் போனை வைத்துக்கொண்டு, சுருதி இறங்கியிருக்குமோ, ஸ்க்ரூ தளர்ந்திருக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்தார். ஓர் இடத்தில் விரல் தவறிவிட்டதாம், தானே சிரித்துவிட்டாராம், பாட்டு முடியும் வரை அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லையாம். இறங்கி வந்ததும், கீபோர்டு வாசித்த பத்தாம் வகுப்புப் பெண் காதோடு கேட்டிருக்கிறாள்: "மிஸ், கணக்கு பீரியட்லயும் இப்படியே இருங்களேன்!"

நெக் சரியாக அமைந்தால் வாசித்தவருக்குக் கைதட்டல், அமையாவிட்டால் எங்களுக்கு போன் என்பதால், அடிக்காத போன்தான் இந்தத் தொழிலில் எங்களுக்கு விழுகிற கைதட்டல்.